லாரியின் முதுகுக்குப் பின்னால் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கரும்பு அறுவடைக் காலம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் கணவர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் 'கஷலோ' லாரிகளைப் பற்றி அதில் ஒரு பத்தி வருகிறது. அதைக் கேட்டபோதுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. நாங்கள் காரைக்காலிலிருந்து வந்து, ரீயூனியன் தீவின் சாந்தாந்த்ரே ஊரில் குடியேறியவர்கள். எங்கள் மகனுக்குப் பதினைந்து வயது. 50 சிசி மொபெட்டில் பள்ளிக்குப் போய் வருகிறான். சென்ற வாரம் அவனும் அவன் நண்பர்கள் இருவரும் புவா-ரூழ் ஆலைக்குப் போகும் லாரி ஒன்றை, கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்ற அளவுக்கு ஒட்டிக்கொண்டு போனதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். கேட்டால், கொஞ்சமும் அஞ்சாமல் பதில் சொல்கிறான். "லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்மா, பின்னால் போனால் வண்டியை அதுவே இழுக்கும், பெட்ரோலும் மிச்சம், ரேஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்" என்கிறான். என் கணவரோ, தானும் அந்த வயதில் நாகப்பட்டினம் சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் அப்படிப் போனவன்தான் என்று சிரிக்கிறார். பையன் சொல்வது உண்மையா? உண்மையென்றால் நான் எதைச் சொல்லித் தடுப்பது? சாவியைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் சொன்னது உண்மை. பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதெல்லாம் பொய் என்று சொல்லித் தடுக்கப் பார்த்தால், அடுத்த லாரிக்குப் பின்னால் போய்ச் சோதித்துப் பார்த்து, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவுக்கு வந்துவிடுவான். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவன் காதில் ஏறாது.

சமதரைச் சாலையில் வேகமாகப் போகும் மொபெட், தன் பலத்தின் பெரும்பகுதியைக் காற்றை விலக்குவதற்கே செலவழிக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடியாக ஏறும், அதாவது எட்டு மடங்காகும். 50 சிசி வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். அதே வண்டி 60-இல் போக வேண்டுமானால், காற்றுக்காக மட்டும் இரண்டு மடங்குக்கும் மேலான திறன் வேண்டும். 90-இல் போக வேண்டுமானால் எட்டு மடங்கு வேண்டும். அவ்வளவு பலம் அந்தச் சின்ன என்ஜினில் இல்லை. ஆனால் பெரிய லாரி ஒன்று முன்னால் சென்று காற்றைத் தள்ளிவிட்டுப் போகும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு இடம் உண்டாகிறது. அங்கே காற்று முன்னோக்கிச் சுழன்று லாரியையே துரத்திக்கொண்டு வருகிறது. அந்த இடத்துக்குள் நுழைந்துவிட்ட மொபெட்டுக்கு எதிர்க்காற்று பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

புதுச்சேரி கடலூர் சாலையில், எண்பதுகளில், டிவிஎஸ் 50-இல் நானும் இதை அனுபவித்தவன் என்பதால், அதன் ருசியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தனியாகப் போனால் நாற்பத்தைந்தைத் தொடவே முக்கும் வண்டி, பஸ்ஸின் பின்பக்க ஏணிக்கு அருகில் போனதும் வேறொரு வண்டியாகிவிடும். முதலில் காதில் அடித்துக்கொண்டிருந்த காற்றின் இரைச்சல் நின்றுபோகும். சட்டை படபடப்பது அடங்கும். அதுவரை கனத்துக்கொண்டிருந்த என்ஜினின் குரல் மெலிந்து உயரும். முறுக்கிப் பிடித்திருக்கும் ஆக்ஸிலேட்டருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதாகக் கை உணரும். டீசல் புகையும் பின்சக்கரம் வாரியிறைக்கும் மணலும் முகத்தில் அடித்தாலும் விலக மனம் வராது. ஏழை வீட்டுப் பையனுக்குப் பெரிய வண்டியின் வேகம் காசில்லாமல் கிடைத்த மாதிரி ஒரு கர்வம் அதில் இருந்தது. உங்கள் கணவரின் சிரிப்பு எனக்குப் புரிகிறது.

ஆனால் பையனின் வாதத்தில் மூன்றாவது வரி ஒன்று இருக்கிறதே, ரேஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிறார்கள் என்பது, அதைத்தான் நான் விடமாட்டேன். அவர்கள் செய்வது இது அல்ல. 1899-இல் சார்லஸ் மர்ஃபி என்ற அமெரிக்கர் லாங் ஐலண்டில் ஒரு ரயில் பெட்டிக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டி ஒரு மைலை 57.8 விநாடிகளில் கடந்தார். அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பலகைகள் பாவினார்கள். பெட்டியின் பின்புறத்தில் காற்றை மறைக்கக் கூண்டு கட்டினார்கள். அப்படியும் கடைசியில் அவர் பெட்டியில் மோத, அங்கே காத்திருந்தவர்கள் அவரைச் சைக்கிளோடு தூக்கி உள்ளே போட்டார்கள். 1995-இல் ஃபிரெட் ரோம்பெல்பெர்க் மணிக்கு 268 கிலோமீட்டரையும், 2018-இல் டெனிஸ் முல்லர்-கொரெனெக் 296 கிலோமீட்டரையும் சைக்கிளில் தொட்டது, வளைவோ எதிர்வண்டியோ இல்லாத, அமெரிக்காவின் போனவில் உப்புவெளியில், அதற்கென்றே மறைப்புக் கட்டிய காருக்குப் பின்னால். அந்தக் காரை ஓட்டுகிறவருக்கு வேறு வேலை கிடையாது. பின்னால் இருப்பவரின் உயிர் தன் காலடியில் இருக்கிறது என்று தெரிந்து, வேகத்தை இழை இழையாகக் கூட்டிக் குறைப்பதுதான் அவருடைய பணி.

இன்னும் அழகான சாட்சி ஐரோப்பிய சைக்கிள் பந்தயத் தடங்களில் இருக்கிறது. அங்கே மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டும் பந்தயம் ஒன்று நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. முன்னே போகும் மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் ஒரு உருளை பொருத்தியிருப்பார்கள். சைக்கிளின் முன்சக்கரம் தப்பித்தவறி அதில் உரசினால், உருளை சுழன்று கொடுக்கும், சைக்கிள் தடுமாறாது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் தலைக்கவசத்தில் காதுப் பகுதி பின்னோக்கித் திறந்திருக்கும். பின்னால் வருபவர் 'போ' என்று கத்துவதும் 'நிதானம்' என்று கத்துவதும் அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். புவா-ரூழுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநருக்கு அப்படி ஒரு காது கிடையாது. டிரெய்லரின் முதுகுக்கு நேர் பின்னால் உள்ள இடம் அவருடைய எந்தக் கண்ணாடியிலும் விழாது. மூன்று பையன்கள் தன்னை நம்பி வருகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்தால் அவர் யாரிடம் கேட்டுக்கொண்டு பிரேக் அடிப்பார்? உங்கள் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்குப் பிடிக்கிற பையனாக இருந்தால் கணக்காகவே சொல்லுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். சுமையோடு போகும் லாரி அவசரமாகப் பிரேக் அடித்தால், ஒரே விநாடியில் அதன் வேகம் 18 கிலோமீட்டர் வரை குறையலாம். அந்த விநாடிக்குள் அதற்கும் மொபெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இரண்டரை மீட்டர் போய்விடும். பிரேக் விளக்கைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல்கள் பிரேக் பிடியை இறுக்கத் தொடங்கவே அந்த ஒரு விநாடி ஆகிவிடுகிறது. மூன்று மீட்டர் இடைவெளியில் போகிறவனுக்கு மிச்சம் இருப்பது அரை மீட்டர்; எதிரே இருப்பது டிரெய்லரின் இரும்பு விளிம்பு. இங்குள்ள சாலை விதி இரண்டு விநாடித் தூரம் விடச் சொல்கிறது. அறுபதில் போனால் அது 33 மீட்டர். அவ்வளவு விலகி நின்றால் பையன்கள் தேடும் இழுப்பு கிடைக்காது என்பது வாஸ்தவம்தான். இழுப்பு கிடைக்கும் இடமும் உயிர் தப்பும் இடமும் ஒன்றாக இல்லை.

பிரேக்கைவிட எனக்கு அதிக பயம் தரும் விஷயம் வேறொன்று. பின்னாலேயே போய்க்கொண்டிருப்பதோடு எந்தப் பையனும் நிறுத்திக்கொள்வதில்லை. லாரியின் காற்று மறைவில் கிடைத்த வேகத்தை வைத்துக்கொண்டு இடப்புறம் (இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகின்றன) வெட்டி வெளியே வந்து, அதை முந்திவிட வேண்டும் என்ற ஆசை உடனே வந்துவிடும். மோட்டோ-3 மோட்டார் சைக்கிள் பந்தயங்களை டிவியில் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த வெட்டு மனப்பாடம். அங்கே ஓடுகிறவை ஒரே பலமுள்ள வண்டிகள். வெளியே வந்த பிறகும் ஓட அவற்றுக்குச் சொந்தமாக மூச்சு இருக்கிறது. மொபெட்டின் கதை அப்படியல்ல. லாரி எழுபதில் போகிறது என்று வையுங்கள். அதன் மறைவில், வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிய மொபெட்டும் எழுபத்தைந்தைத் தொட்டுவிடலாம். வெளியே வந்த கணத்திலேயே முழுக் காற்றும் நெஞ்சில் வந்து மோதும். கடன் வாங்கிய வேகம் அங்கேயே தீர்ந்துவிடும். வண்டி தன் சொந்த வேகமான ஐம்பத்தைந்து, அறுபதுக்கு மெல்ல இறங்கத் தொடங்கும். அப்போது பையன் எங்கே இருப்பான்? லாரியின் பாதி நீளத்தில், எதிர்வண்டிகள் வரும் பாதையில், முன்னேறவும் முடியாமல், பின்னால் வந்து நுழைய இடமும் இல்லாமல் இருப்பான். ஏனென்றால் அவன் விட்டுவந்த இடத்தை இரண்டாவது நண்பன் பிடித்திருப்பான். போதாததற்கு, தீவின் கிழக்குக் கரையில் வசிக்கும் நமக்குத் தென்கிழக்குக் காற்று தெரியாததல்ல. லாரி மறைத்துக்கொண்டிருந்த பக்கக்காற்று திடீரென்று விலாவில் அடிக்கும். லாரியின் மூக்குக்கு அருகே போனால், அது தள்ளும் காற்று வண்டியை வெளியே ஒதுக்கும். நடுப்பகுதியில் இருந்தால் அதன் பக்கமாக உள்ளே இழுக்கும். எழுபது எண்பது கிலோ எடையுள்ள வண்டிக்கு இந்த இரண்டும் தாங்காது.

சாலையில் கிடப்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜூலை தொடங்கி டிசம்பர் வரை நம் சாலைகளில் கரும்புத் துண்டுகள் சிதறிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். லாரியின் சக்கரங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு கரும்புத் துண்டோ ஒரு குழியோ, ஒட்டிக்கொண்டு வருபவன் கண்ணில் படுவதற்கும் அவன் முன்சக்கரம் அதன்மேல் ஏறுவதற்கும் நடுவே விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. என் நண்பன் ஒருவன் விழுந்தது அப்படித்தான். பஸ் பிரேக் போடவே இல்லை, தன்பாட்டுக்குப் போய்விட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து, தார் துணுக்குகளை மருத்துவமனையில் இடுக்கியால் எடுத்தார்கள்.

பெட்ரோல் மிச்சம் என்ற கணக்கும் முழுக் கணக்கு அல்ல. காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின் என்றால், முகத்தில் அடிக்கும் காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி. மறைவில் அந்தக் காற்றும் குறைகிறது, என்ஜின் சுற்றும் வேகமும் கூடுகிறது. தொடர்ந்து அப்படி ஓட்டினால் என்ஜின் சீஸ் ஆகிவிடும், அதாவது சூட்டில் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். கியர் வண்டியாக இருந்தால் பின்சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

நீங்கள் எழுதியதில் நான் இரண்டு முறை நின்று வாசித்தது 'அவன் நண்பர்கள் இருவரும்' என்ற சொற்களை. 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் 13 முதல் 16 வயது வரையுள்ளவர்களையும், 18 முதல் 22 வரையுள்ளவர்களையும், 24-ஐத் தாண்டியவர்களையும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். சிலரைத் தனியாக, சிலரை நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க. நண்பர்கள் அருகில் இருந்தபோது இளையவர்கள் எடுத்த துணிச்சல் வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அப்படிக் கூடவில்லை. ஆபத்து தெரியாததால் பையன்கள் இதைச் செய்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. என் காலத்திலும் தனியாகப் போகும்போது பஸ்ஸுக்குப் பின்னால் நான் போனதாக நினைவில்லை. பார்க்க ஆள் இருந்தால்தான் போனேன்.

எனவே சாவி பற்றிய என் கருத்து இது. முழுவதும் பிடுங்கினால், நண்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவான். அது இன்னும் மோசம். பள்ளிக்குத் தனியாகப் போய்வர வண்டி இருக்கட்டும். அறுவடை முடியும் வரை மூவரும் சேர்ந்து மொபெட்டில் போவது கூடாது என்று சொல்லுங்கள்; முடிந்தால் மற்ற இரண்டு வீட்டுத் தாய்மார்களிடமும் பேசி, மூன்று வீட்டிலும் ஒரே பேச்சாக வையுங்கள். வண்டியை நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றியிருக்கிறானா என்று பாருங்கள். கழற்றியிருந்தால் தயவு பார்க்க வேண்டாம், சரிசெய்யும் வரை வண்டி வாசலிலேயே நிற்கட்டும். விபத்து என்று வந்தால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். இன்னொருவர் மறைவில் போகும் சுகம்தான் அவனுக்கு வேண்டுமென்றால், சைக்கிள் சங்கம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். அங்கே வரிசையாகப் போவார்கள், முறை வைத்து முன்னால் வந்து எதிர்க்காற்றைத் தாங்குவார்கள், குழி வந்தால் கைகாட்டிச் சொல்வார்கள்.

உங்கள் கணவர் தன் நாகப்பட்டினம் சாலைக் கதையை மகனிடம் சொல்லட்டும், தடுக்க வேண்டாம். அவரோடு அன்று அந்தச் சாலையில் வண்டி ஓட்டியவர்களில் யார் யாருக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்.