டைனோசர் பொம்மைக்காரரிடம் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறேன். முப்பது வருஷம் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகு, அக்ரிலிக், சுரண்டிகள் எல்லாம் கைக்குப் பழகியவை. மற்ற நேரத்தில் பழங்கால விலங்குகளைப் பொம்மையாகச் செய்கிறேன். போன மாதம் தமிழ் வகுப்புக் கூடத்தில் அவற்றை வரிசையாக வைத்திருந்தபோது ஒரு பெட்டி நிறையக் கேள்விச் சீட்டுகள் விழுந்தன. ஒன்றில் "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று மட்டும் இருந்தது. அது என் தங்கச்சி கையெழுத்து. மற்றவற்றுக்குப் பதில் இதோ.

அங்கிள், கடையில் வாங்கிய டி. ரெக்ஸுக்கு வாயை மூடினாலும் பல் தெரிகிறது. உங்கள் பொம்மையில் ஏன் தெரியவில்லை? (9 வயது மாணவன்)

உதடு வைத்திருக்கிறேன் கண்ணு, அதனால்தான். ஆற்றோரம் நாம் பார்க்கும் லிக்கவான் உடும்புக்கு எவ்வளவு பல் இருக்கிறது? வாயை மூடினால் ஒன்றாவது தெரிகிறதா? முதலைக்குத் தெரியும், ஆனால் அது பெரும்பாலும் தண்ணீரில் கிடக்கிற பிராணி. பல்லின் மேல்பூச்சு ஈரமாக இருந்தால்தான் கெடாமல் இருக்கும். எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முதலைப் பல்லின் வெளிப்பக்கம் தேய்ந்துபோகும். 2023இல் வந்த ஓர் ஆய்வில் டி. ரெக்ஸ் சேர்ந்த டைரனோசர் வகைப் பல்லை வெட்டிப் பார்த்தார்கள். அந்த மாதிரித் தேய்மானம் அதில் இல்லை. எனக்கு அது உடனே புரிந்தது, வாழ்நாளெல்லாம் பல் பார்த்தவன் அல்லவா.

நானும் செய்து பார்க்க ஆசை அண்ணா. எங்கிருந்து தொடங்குவது? (டர்பன் பக்கத்துப் பீனிக்ஸ்)

எலும்பிலிருந்து. கடைப் பொம்மையைப் பார்த்துச் செய்யாதீர்கள், அதிலுள்ள தப்பெல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும். அருங்காட்சியக எலும்புக்கூட்டின் படத்தைப் பக்கவாட்டில், மேலிருந்து, முன்னாலிருந்து என மூன்று கோணத்தில் தேடுங்கள். பக்கவாட்டுப் படம் மட்டும் வைத்துக்கொண்டு செய்கிறவர்கள்தான் டி. ரெக்ஸ் தலையை ஒரே அகலத்தில் செங்கல் மாதிரி செய்கிறார்கள். உண்மையில் மூக்குப் பக்கம் ஒடுங்கி, கண்ணுக்குப் பின்னால் திடீரென்று விரியும். அதனால்தான் இரண்டு கண்ணும் முன்னால் பார்க்கின்றன.

அப்புறம் அளவு. பல கம்பெனிகள் 40இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டன. 12 மீட்டர் டி. ரெக்ஸ் 30 செ.மீ. ஆகும், மேசையில் அழகாக நிற்கும். அதே கணக்கில் அரை மீட்டர் விலங்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான், எறும்புக்குத் துணையாக வைக்கலாம். எந்த விலங்கு என்று முடிவு செய்துவிட்டு அளவை எடுங்கள்.

கம்பிக் கூடு கட்டி, அதன்மேல் எலும்பின் பருமனுக்குக் களிமண், பிறகு தசை, கடைசியில் தோல். தசையைத் தாராளமாக வையுங்கள். மண்டையோட்டில் உள்ள ஓட்டையெல்லாம் வெளியே பள்ளமாகத் தெரியும்படி தோலை ஒட்டவைப்பது ஒரு பழைய வியாதி. எந்த ஆட்டுக்காவது மண்டையோட்டில் உள்ள துளை வெளியே தெரிகிறதா? எட்மண்டோசாரஸ் என்ற தாவரம் தின்னிக்குத் தலையில் சேவல் கொண்டை மாதிரி ஒரு சதைக்கொண்டை இருந்தது என்பதே 2013இல்தான் தெரிந்தது. எலும்பில் அதற்கு ஒரு தடயமும் இல்லை.

வெலாசிராப்டருக்கு இறகு ஒட்டியிருக்கிறீர்களே, கோழி மாதிரி இருக்கிறது. பையனுக்குப் பிடிக்கவில்லை. (ஒரு அம்மா)

வான்கோழி என்று சொல்லுங்கள் அக்கா, எடையும் ஏறக்குறைய அதுதான். மங்கோலியாவில் கிடைத்த ஒரு வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பதிந்திருந்த முடிச்சுகள் வரிசையாக இருப்பதை 2007இல் காட்டினார்கள். அதற்குப் பிறகு இறகில்லாமல் செய்வதற்கு மனசு வரவில்லை. பையனிடம் அரிவாள் மாதிரி வளைந்த அந்தக் கால் நகத்தைக் காட்டுங்கள், சமாதானம் ஆகிவிடுவான்.

அந்த வகைப் பொம்மைகளில் கையையும் பாருங்கள். உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கினால் தப்பு. அவற்றின் மணிக்கட்டு அப்படித் திரும்பாது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், கும்பிடப் போகிற மாதிரி.

நம் நாட்டு டைனோசர் என்று ஏதாவது உண்டா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம் பிள்ளைகளுக்கு அமெரிக்க டைனோசர் பத்துப் பெயர் தெரியும். காரில் ஏறினால் அரை நாளில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் கிடைத்ததன் பெயர் தெரியாது. மாசோஸ்பாண்டைலஸ். 1854இல் பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஓவன், 'டைனோசர்' என்ற சொல்லையே உண்டாக்கியவர். நீண்ட கழுத்து, சின்னத் தலை, நான்கைந்து மீட்டர் உடம்பு. இங்கே உள்ள கோல்டன் கேட் தேசியப் பூங்காப் பக்கம் 1976இல் புதைபடிவ ஆய்வாளர் ஜேம்ஸ் கிட்சிங் எடுத்த முட்டைகளுக்குள் அதன் குஞ்சுகள் இருந்தன. 2005இல் அவற்றை விவரித்தார்கள்.

என் வெட்கக் கதை ஒன்று. நான் செய்த முதல் மாசோஸ்பாண்டைலஸ் நான்கு காலில் நடந்தது. பழைய படங்களில் அப்படி இருந்தது, செய்தேன், இருபது வார்த்து விற்றும் விட்டேன். 2007இல் அதன் முன்கை எலும்புகளை ஆராய்ந்தவர்கள், உள்ளங்கையைத் தரையில் ஊன்றும்படி அந்தக் கை திரும்பவே திரும்பாது என்று காட்டினார்கள். இரண்டு காலில் நடந்த பிராணி. வாங்கியவர்களில் பதினாலு பேரைத் தேடிப் பிடித்துப் புதியதைக் கொடுத்தேன். ஆறு தவறுகள் இன்னும் யார் வீட்டு அலமாரியிலோ நான்கு காலில் நிற்கின்றன.

பிரமாண்டமாக வேண்டும் என்றால் லெடுமஹாடி. அதே வட்டாரத்துக் கிளாரன்ஸ் ஊர்ப் பக்கம் கிடைத்தது, 2018இல் அறிவித்தார்கள், சுமார் 12 டன். பெயர் செசோத்தோ மொழியில் பேரிடி என்று பொருள்படும். ஆனால் கிடைத்த எலும்புகள் கொஞ்சம்தான். தலையை நானாகக் கற்பனை செய்ய வேண்டும், அதனால் இன்னும் தொடவில்லை.

வாளைப்போல் பல் வைத்த, புலி மாதிரி இருக்கிற ஒன்றை வைத்திருந்தீர்களே, அதுவும் டைனோசரா? அதற்கு முடி உண்டா?

டைனோசர் இல்லை. கோர்கனாப்சியன். நம் நாட்டின் உட்பகுதியில் உள்ள கரூ என்ற வறண்ட நிலத்துப் பாறைகளில் கிடைப்பது. டைனோசர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சுமார் 25 கோடியே 20 லட்சம் வருஷத்துக்கு முன் நடந்த பேரழிவோடு தீர்ந்துபோனது. உறவுமுறை பார்த்தால் டைனோசரைவிட நமக்குத்தான் நெருக்கம்.

முடி விஷயத்தில் எலும்பு எதுவும் சொல்வதில்லை. நான் வைக்கவில்லை, வைத்தவரோடு சண்டைக்கும் போகமாட்டேன். புலிக்காது வைத்தால் மட்டும் சண்டை உண்டு. நம் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகள் சில அப்போது இன்னும் தாடையில்தான் இருந்தன. வெளியே மடல் வைக்க ஆதாரம் இல்லை. நிற்கிற விதமும் புலி இல்லை: பின்னங்கால் ஓரளவு உடம்புக்குக் கீழே வரும், முன்னங்கால் முழங்கை வெளியே தள்ளியிருக்கும்.

காரில் விட்ட பொம்மை கூன் விழுந்து முன்னால் சாய்ந்துவிட்டது. (இசிப்பிங்கோ)

டர்பன் ஜனவரி வெயிலில் நானே சாய்ந்துவிடுவேன். மென்மையான பிவிசி பொம்மைதானே? நன்றாகச் சூடான தண்ணீரில் காலை மட்டும் இரண்டு மூன்று நிமிஷம் வையுங்கள், நேராக நிமிர்த்துங்கள், அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். பிள்ளைகள் கையில் சுடுதண்ணீர் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு கால் விலங்கைப் பொம்மையாக்குவதில் உள்ள தொல்லையே இதுதான். பழைய பொம்மைகள் வாலை மூன்றாவது காலாக ஊன்றி நின்றன. வால் தரையில் இழுபடவில்லை என்று தெரிந்த பிறகு கம்பெனிகள் பாதத்தைப் பெரிதாக்கி ஏமாற்றுகின்றன. பாதத்தைக் கெடுப்பதைவிட ஒரு துண்டு மண்தரை செய்து அதில் நிறுத்திவிடலாம்.

நிறத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பெரும்பாலும் கண்டுபிடிப்பதில்லை. சில விலங்குகளுக்கு மட்டும் இறகிலும் தோலிலும் நிறத் துகள்கள் மிஞ்சியிருக்கின்றன. சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருந்தது என்று 2010இல் சொன்னார்கள். மற்றவற்றுக்கு முதுகு கருமை, வயிறு வெளுப்பு என்று வைத்தால் பெரிய தப்பு வராது. மான் முதல் மீன் வரை அப்படித்தான்.

உலகத்திலேயே பெரிய டைனோசர் நம் தமிழ்நாட்டில் கிடைத்ததாமே? அதைச் செய்யக் கூடாதா தம்பி? (ஒரு தாத்தா)

ப்ருஹத்காயோசாரஸைச் சொல்கிறீர்கள் தாத்தா. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்தது, 1980களில் பெயர் வைத்தார்கள். முதலில் ஊன் தின்னி என்று எழுதினார்கள். பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணியாக இருக்கலாம் என்றார்கள். அந்த எலும்புகள் உதிர்ந்துபோய்விட்டன. மிஞ்சியவை கொஞ்சம் படங்கள். நானும் ஆசைப்பட்டு அந்தப் படங்களைப் பார்த்தேன். சில துண்டுகள்தான். அதை வைத்துச் செய்தால் பொம்மை அரியலூருடையதாக இருக்காது, என்னுடையதாக இருக்கும்.

ஊர்ப் பாசத்துக்கு வேறு வழி உண்டு. லிஸ்ட்ரோசாரஸ் செய்து தருகிறேன். டைனோசர் இல்லை, அதற்கும் முந்திய தாவரம் தின்னி. பன்றி அளவு, இரண்டு கொம்புப்பல், ஆமை மூக்கு. கரூவிலும் கிடைக்கிறது, வங்காளத்து ராணிகஞ்ச் பக்கமும் கிடைக்கிறது, அண்டார்க்டிகாவிலும் கிடைக்கிறது. அப்போது எல்லாம் ஒரே நிலம். நம் பாட்டன்மார் மாதிரி கப்பல் ஏற வேண்டியிருக்கவில்லை.

கரூ பயணத்தில் எலும்பு மாதிரி ஒரு கல் பார்த்தேன். அச்சு எடுக்கலாமா?

தொடாதீர்கள். நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு மரபுச் சொத்துச் சட்டப்படி, கல்லாகிப்போன எலும்பை அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

டோடோ செய்வீர்களா? (மொரீஷியஸிலிருந்து வந்த சின்னம்மா)

செய்வேன். அழிந்துபோன உங்கள் ஊர்ப் பறவையின் எலும்புக்கூடு இங்கே டர்பன் அருங்காட்சியகத்திலேயே நிற்கிறது. போர்ட் லூயிஸில் முடிவெட்டிக்கொண்டிருந்த எத்தியென் தீரியு என்பவர் தோண்டி எடுத்தது. ஓவியங்களில் உள்ள தொப்பையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது மேசையில் என்ன இருக்கிறது?

த்ரினாக்ஸோடான். பாலூட்டிகளுக்கு நெருங்கிய உறவான, வளை தோண்டி வாழ்ந்த பழங்காலச் சின்னப் பிராணி. கரூவில் அதன் வளை ஒன்று அப்படியே கல்லாகிக் கிடைத்தது. பிரான்சில் கிரனோபிள் நகரத்து எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்து, உடைக்காமல் உள்ளே பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். உள்ளே ஒரு த்ரினாக்ஸோடான் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் விலா எலும்பு உடைந்து, ஆறிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தவளையினப் பிராணி, ப்ரூமிஸ்டெகா. விருந்தாளி எப்படி வந்தது, வீட்டுக்காரர் ஏன் கடிக்கவில்லை? தூக்கம் அவ்வளவு ஆழம் போலிருக்கிறது. வெள்ளம் வந்து இரண்டையும் சேர்த்து மூடிவிட்டது.

இரண்டு உடம்பும் முடிந்தது. த்ரினாக்ஸோடானின் மூஞ்சி எலும்பில் குழிகள் உண்டு, மீசைக்கு என்று முன்பு நினைத்தார்கள், ஆனால் மீசையே இல்லாத பல்லிகளுக்கும் அதே குழிகள் இருக்கின்றன. அதனால் இரண்டு தலை செய்து வைத்திருக்கிறேன், ஒன்று மீசையோடு, ஒன்று மழித்து. எதை ஒட்டுவது என்று இந்த வாரமும் முடிவாகவில்லை.