கைக்குழந்தையின் தலையில் மஞ்சள் பொருக்கு: வீட்டில் என்ன செய்யலாம்?

இரண்டு மாதப் பிள்ளையின் உச்சந்தலையில் மெழுகு ஊற்றியது போல மஞ்சள் பொருக்கு படிந்திருக்கிறது, சுரண்டி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சுரண்ட வேண்டாம். என் மகளுக்கு ஆறாவது வாரத்தில் இதே பொருக்கு வந்தது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு துண்டை நகத்தால் கிளப்பிவிட்டேன். அதோடு நாலைந்து முடியும் பிடுங்கிக்கொண்டு வந்தது. அடியில் தோல் சிவந்து, ஊசிமுனை அளவு இரத்தம் கசிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் மனம் பதறுகிறது.

முதலில் ஒன்று: இது அழுக்கால் வருவதில்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தவர்கள் "தலைக்கு ஒழுங்காக வார்க்கிறதில்லையா?" என்று கேட்டபோது நான் குறுகிப் போனேன். குறுகத் தேவையே இல்லை. வயிற்றில் இருந்தபோது தாயிடமிருந்து போன ஹோர்மோன்களால் தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரப்பதும், எல்லோர் தோலிலும் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சையும்தான் காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். மற்றவருக்குத் தொற்றாது. பிள்ளைக்குப் பெரும்பாலும் கடிப்பதும் இல்லை. அநேகமாக ஒரு வயதுக்குள் தானாகவே போய்விடும்.

எங்களுக்குப் பலன் தந்தது இதுதான். குளிப்பாட்டக் கால் மணி நேரம் இருக்கும்போது, உள்ளங்கையில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பொருக்கு ஊறும்படி தடவுவேன். வாசனை சேர்க்காத பேபி ஒயிலும் சரிதான். ஊறியதும் பிள்ளைகளுக்கான மெல்லிய பிரஷால் மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் செதில் பொடியாகக் கழன்று வரும். உச்சிக்குழி மேலும் பயப்படாமல் மிருதுவாகத் தேய்க்கலாம். வராததை விட்டுவிடுங்கள், அடுத்த முறை வரும். அப்புறம் பேபி ஷம்பூ போட்டு எண்ணெய்ப் பசை போகும்வரை கழுவ வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் பலரும் தவறுகிறோம். எண்ணெய் நல்லதுதானே என்று நானும் முதல் வாரம் இரவெல்லாம் அப்படியே விட்டேன். கொழும்பு வெக்கையில் வியர்வையும் சேர்ந்து பொருக்கு இன்னும் தடித்தது. அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு.

முடி இறக்கினால் போய்விடும் என்று மாமி சொன்னார். மொட்டையடிப்பதால் இது மாறாது. பொருக்கின் மேல் சவரக்கத்தி பட்டால் வெட்டுக்காயம்தான் வரும். சடங்கைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று நான் கேட்டேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் லேசாகச் செதில் இருந்தால் பயமில்லை. ஆனால் நீர் கசிந்தாலோ, இரத்தம் வந்தாலோ, வீங்கினாலோ, முகத்துக்கும் உடம்புக்கும் பரவினாலோ, சில வாரங்களில் குறையாவிட்டாலோ டொக்டரிடம் காட்டுங்கள். ஸ்டெரொய்ட் கிரீமைப் பார்மசியில் கேட்டு நீங்களாகப் பூச வேண்டாம். நிறை பார்க்க கிளினிக்குக்குப் போகும் நாளில் தொப்பியைக் கழற்றி மிட்வைஃபிடமும் காட்டுங்கள்.

என் மகளுக்கு ஐந்தாம் மாதம் கடைசிச் செதில் காதோரம் இருந்து உதிர்ந்தது. முடி பிடுங்கி வந்த இடத்திலும் மறுபடி முளைத்துவிட்டது.