நரம்பு பச்சை, ரத்தம் சிவப்பு

கேள்வி: அறிவியல் புத்தகப் படத்தில் இதயம் வலது பக்கம் இருக்கிறது, டீச்சரோ இடது பக்கம் என்கிறார். எது சரி என்று என் பிள்ளைகள் இருவருக்கும் தினமும் சண்டை.
– ஒரு வாசகி, தேனி

பதில்: இருவரையும் எதிரெதிரே நிற்க வையுங்கள், சண்டை தீர்ந்துவிடும். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அவருடைய இடது கை நம் வலது கைக்கு நேரே வரும். உடற்கூறியலில் இடது, வலது என்றால் அந்த உடம்புக்கு உரியவருடைய இடதும் வலதும்தான். நிமிர்ந்து நின்று, முகமும் உள்ளங்கையும் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட நிலை. நர்சிங் மாணவிகளை முதல் வகுப்பில் இப்படித்தான் நிற்கச் சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இடது காலுக்குப் போட வேண்டிய கட்டை வலது காலுக்குப் போடாமல் இருந்தால் சரி.

அப்புறம், இதயம் முழுசாக இடது பக்கம் இல்லை. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடப்புறம் தள்ளியிருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 65. கையில் நரம்பெல்லாம் பச்சையாகப் புடைத்துத் தெரிகிறது. அதில் ஓடுவது கெட்ட ரத்தம், அதனால்தான் அந்த நிறம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அடுத்த முறை லேபுக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். ஊசி குத்துவது அந்தப் பச்சைக் கோட்டில்தான். சிரிஞ்சில் ஏறுவது கருஞ்சிவப்பு ரத்தம். நீங்கள் நரம்பு என்று சொல்வது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். பச்சை என்பது வெளிச்சம் செய்யும் வேலை. சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகிறது, சிரையில் இருக்கும் ரத்தம் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடத்தில் சிவப்பு குறைவாகத் திரும்பி வருவதால் கண்ணுக்கு நீலமாகவோ பச்சையாகவோ படுகிறது.

கெட்ட ரத்தமும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது சிரை ரத்தத்தில் சுமார் 75 சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. வயதாக ஆகத் தோல் மெலிந்து, அடியில் உள்ள கொழுப்பும் குறைவதால்தான் புடைப்பு தெரிகிறது.

கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். முன்கைச் சிரையில் அங்கங்கே சின்ன முடிச்சு போலத் தெரியும், அவை வால்வுகள். மணிக்கட்டுப் பக்கம் சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை முழங்கைப் பக்கமாக ஒரு முடிச்சைத் தாண்டித் தள்ளுங்கள். இடைப்பட்ட பகுதி தட்டையாகவே கிடக்கும். மேலிருந்து ரத்தம் இறங்காது. கீழ் விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். கையில் கட்டுப் போட்டு இதையே செய்து காட்டி, ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-ல் எழுதியவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி. அதுவரை, சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தைத் தயாரிக்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் நம்பினார்கள். இதயம் தள்ளும் அளவை அவர் கணக்குப் போட்டார். இன்றைய கணக்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். அவ்வளவையும் புதிதாக உண்டாக்க எத்தனை பந்தி சாப்பிடுவது!

கேள்வி: காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதிக்கும்போது குளிர் எப்படி வருகிறது? போர்த்திக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: மூளையின் அடிப்பக்கம் இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் உடம்புச் சூட்டை 37 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருக்கிறது. சூடு கூடினால் வியர்க்க வைக்கும், குறைந்தால் நடுங்க வைக்கும். கிருமி வந்தால் அந்தக் குறியே மாறிவிடுகிறது, 39 என்று வையுங்கள். உடம்பு 38-ல் இருந்தாலும் ஹைப்போதலாமஸ் கணக்கில் ஒரு டிகிரி குறைவுதான், ஏ.சி. ரிமோட்டில் எண்ணை ஏற்றிவிட்ட மாதிரி. அதனால் நடுக்கம், மயிர்க்கூச்சு, கைகால் சில்லிப்பு. பாராசிட்டமால் குறியைக் கீழே இறக்குகிறது. உடனே மிச்சச் சூட்டைத் தள்ள வியர்த்துத் தலையணை நனையும்.

நடுங்கும்போது பெரியவர்கள் மெல்லிய போர்வை ஒன்று போர்த்திக்கொள்ளலாம். நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்று கம்பளி போடும் வைத்தியம் வேண்டாம், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.