சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் மூன்று இரவு காத்தும் முட்டையிட ஆமை வரவில்லையா?

மாதம்தான் தப்பு. டிசம்பர் தொடக்கத்தில் வந்திருக்கிறீர்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) இங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் அதிகம் முட்டையிடும்.

ஆமை பார்க்கும் பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளுங்கள். தனியாகத் தேட வேண்டாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவோடு போங்கள். திரும்ப விடிகாலை ஆகும், அதனால் ஹாஸ்டல் கேட்டை எப்போது பூட்டுவார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

முட்டை பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும். மார்ச் கடைசியில் குஞ்சுகளையும் பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் குஞ்சு, ஈர மணலில் துடுப்புத் தடம் பதித்தபடி அலைக்குப் போகும் அழகே தனி! டார்ச், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பார்த்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும், பாவம்.

அப்புறம், சில இரவுகளில் ஒன்றுகூடக் கரையேறாது. இரண்டு வார இறுதி ஒதுக்கி வையுங்கள்.