லண்டனிலும் இதே பிபிசிதானா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் லண்டனில் இருக்கிறாள். நான் இங்கே செட்டாப் பாக்ஸில் பார்க்கிற பிபிசியும் அவள் அங்கே பார்க்கிற பிபிசியும் ஒரே சேனலா? போனில் பேசும்போது சில நேரம் இரண்டு பக்கமும் ஒரே குரல் கேட்கிறது, சில நேரம் அங்கே வேறு ஏதோ ஓடுகிறது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. முன்பு அவை இரண்டு தனிச் சேனல்கள். பிரிட்டனுக்குள் மட்டும் ஓடியது 1997 நவம்பரில் பிபிசி நியூஸ் 24 என்று ஆரம்பித்தது. வெளிநாட்டுக்கான சேனல் 1991இல் வேறு பெயரில் தொடங்கி, 1995இல் பிபிசி வேர்ல்டு, 2008இல் பிபிசி வேர்ல்டு நியூஸ் என்று பெயர் மாறி வந்தது. 2023 ஏப்ரல் 3ஆம் தேதி இரண்டையும் சேர்த்து பிபிசி நியூஸ் என்ற ஒரே பெயரில் விட்டார்கள்.

பெயர் ஒன்றானாலும் எந்நேரமும் ஒரே படம் வராது. அங்கே காலையில் மகள் வீட்டில் இங்கிலாந்தின் சால்ஃபோர்டிலிருந்து வரும் பிபிசி பிரேக்ஃபாஸ்ட் என்ற காலை நிகழ்ச்சி ஓடும், அதே நேரம் உங்களுக்கு உலகச் செய்தி. அப்புறம் விளம்பரம். அடுத்த முறை போனில் பேசும்போது இதை மட்டும் கவனித்துப் பாருங்கள். இங்கே விமான கம்பெனி விளம்பரமோ ஏதோ ஒரு நாட்டின் சுற்றுலா விளம்பரமோ வரும்போது மகளிடம் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். அங்கே விளம்பரமே கிடையாது. அந்த இடைவெளியை ஒரு செய்தித் துணுக்கோ வரப்போகும் நிகழ்ச்சியின் முன்னோட்டமோ நிரப்பும். விளம்பரம் முடிந்ததும் அதே முகம் இரண்டு வீட்டிலும் வந்து நிற்கும்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டை ஏன் ஒன்றாக்க வேண்டும்? (கோவை வாசகர்)

பதில்: பணம்தான். பிரிட்டனில் டிவி பார்க்கும் ஒவ்வொரு வீடும் பிபிசிக்காக ஆண்டுக் கட்டணம் கட்டுகிறது. அதை 159 பவுண்டிலேயே இரண்டு வருடம் நிறுத்திவைப்பதாக 2022 ஜனவரியில் அரசு அறிவித்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அதே வருடம் மே மாதம் தலைமை இயக்குநர் டிம் டேவி, சில ஆண்டுகளில் சுமார் 1000 பேர் வரை வேலை குறையும், இணையத்துக்கே முதலிடம் என்று ஒரு திட்டத்தை அறிவித்தார். இந்தச் சேனல் இணைப்பு அதில் ஒரு பகுதி. லண்டனில் சுமார் 70 வேலைகள் போகும், வாஷிங்டனில் 20 போலப் புதிதாக வரும் என்று ஜூலையில் சொன்னார்கள். வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய சில முகங்களும் அதோடு போய்விட்டன.

நிர்வாகம் சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே நிறுவனத்துக்குள் ஒரே செய்திக்கு இரண்டு ஸ்டுடியோ, இரண்டு ரன்டவுன் (எந்தச் செய்திக்குப் பின் எது என்ற வரிசைப் பட்டியல்) இருந்தன. இரவு நேரத்தில் ஏற்கெனவே ஒரே ஒளிபரப்பைத்தான் இரண்டு சேனலும் பகிர்ந்துகொண்டிருந்தன, 2020இல் கொரோனா வந்தபோது பகலிலும் பல மணி நேரம் சேர்த்தே ஓட்டினார்கள். இதெல்லாம் செலவைக் குறைக்கும் காரணங்கள், ஒத்துக்கொள்கிறேன். பார்வையாளருக்கு இதனால் என்ன கிடைக்கிறது என்பதற்கு இதில் பதில் இல்லை.

கேள்வி: உள்நாடு, வெளிநாடு இரண்டையும் ஒரே சேனலில் எப்படித்தான் சமன் செய்கிறார்கள்? பாதிக்குப் பாதி என்று கணக்கு வைத்திருக்கிறார்களா? (சென்னை வாசகி, இதழியல் மாணவி)

பதில்: நிமிடக் கணக்கை விடுங்கள். ரன்டவுன் போடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் இதன் கஷ்டம் புரியும். சேனல் இணைந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், 2023 ஏப்ரல் 11ஆம் தேதி இங்கிலாந்தின் ஜூனியர் டாக்டர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 15ஆம் தேதி காலை அது முடிகிறது, அதே நாள் சூடானில் ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் சண்டை வெடிக்கிறது. இப்போது முதல் செய்தி எது? லீட்ஸில் அறுவை சிகிச்சை தள்ளிப்போன ஒரு அம்மாவுக்கு வேலைநிறுத்தம், நைரோபியில் பார்ப்பவருக்குப் பக்கத்து வட்டாரத்தில் போர். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான், திரை மட்டும் ஒன்று.

அதோடு முடியவில்லை. பத்து நாளில் பிரிட்டன் தன் மக்களை சூடானிலிருந்து விமானத்தில் ஏற்றத் தொடங்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் வேலை பார்த்துக்கொண்டு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் இல்லாத டாக்டர்கள் சிலர் அங்கே சிக்கியிருந்தார்கள். முதலில் அவர்களை ஏற்ற முடியாது என்றது அரசு, எதிர்ப்பு வந்ததும் முடிவை மாற்றிக்கொண்டது. இப்போது இது வெளிநாட்டுச் செய்தியா, உள்நாட்டுச் செய்தியா? அதே நாட்களில் இந்தியாவும் ஆபரேஷன் காவேரி என்று நம்மவர்களைக் கூட்டிவந்தது, அதில் தமிழர்களும் இருந்தார்கள். சூடான் அந்த வாரம் நமக்கும் உள்நாட்டுச் செய்தி. ஆகவே சேர்ந்த சேனல் என்பது எப்போதும் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். இந்த மாதிரிச் செய்தியில் ஒரே செய்தி அறை இருப்பது பெரிய பலம், மருத்துவ நிருபரும் ஆப்பிரிக்க நிருபரும் ஒரே மணி நேரத்தில் வந்து பேசலாம்.

நீங்கள் மாணவி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், வாக்கியத்துக்குள் நடக்கும் வேலை இது. ‘பிரதமர் இன்று சொன்னார்’ என்று உள்ளூர்ச் சேனல் எழுதலாம். சேர்ந்த சேனலில் ‘பிரிட்டன் பிரதமர்’ என்று எழுத வேண்டும், அதைக் கேட்கும் பிரிட்டன்காரருக்கு யாரோ வெளியாள் வந்து தன் வீட்டுக் கதையைத் தனக்கே சொல்வது போல இருக்கும். ‘இங்கே’ என்று சொல்ல முடியாது, ‘நம்’ என்று சொல்ல முடியாது, ‘இன்று காலை’ என்றால் யாருடைய காலை என்ற கேள்வி வரும். நிதியமைச்சர் வரி உயர்த்தினார் என்றால் உள்ளூர்க்காரருக்கு அது தன் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிய வேண்டும், வெளியூர்க்காரருக்கு அந்த நாட்டில் நிதியமைச்சர் யார் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதும்போது முன்னவருக்குத் தெரிந்ததையே சொல்கிறோம், பின்னவருக்குத் தேவையில்லாததைச் சொல்கிறோம். செய்திகளை வரிசைப்படுத்துவதைவிடக் கடினம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் பிபிசி தமிழும் இதே விளம்பரக் காசில்தான் ஓடுகிறதா? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை. 1941இல் தமிழில் ஒலிபரப்பைத் தொடங்கியது பிபிசி உலக சேவை. அது முக்கியமாகப் பிரிட்டன் மக்களின் கட்டணத்திலும் அந்நாட்டு வெளியுறவுத் துறை மானியத்திலும் ஓடுவது. வெளிநாட்டு டிவி சேனல் மட்டும் விளம்பரத்திலும் கேபிள், டிடிஎச் சந்தாவிலும் தன் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் இருபது வருடமாக லெஸ்டரில் இருக்கிறேன். கட்டணம் கட்டுவது நாங்கள். சேனலைப் போட்டால் பகலில் அமெரிக்க அரசியல். எங்கள் ஊர் விஷயத்தைத் தெரிந்துகொள்ள எங்கே போவது? (லெஸ்டர் வாசகர்)

பதில்: உங்கள் கோபத்தில் எனக்குப் பங்கு உண்டு. அந்தக் கட்டணம் 2024இல் 169.50 பவுண்டு, 2025இல் 174.50 பவுண்டு என்று மறுபடி ஏறியும் விட்டது. பெரிய உள்நாட்டுச் செய்தி வெடித்தால் பிரிட்டனுக்கு மட்டும் தனி ஒளிபரப்பைப் பிரித்துவிடுவோம் என்பது பிபிசி கொடுத்த வாக்கு. 2024 ஜூலை 4 பொதுத் தேர்தல் மாதிரி நாளில் உங்களுக்குக் குறை இருந்திருக்காது. பிபிசி ஒன்னின் ஒரு மணி, ஆறு மணி, பத்து மணிச் செய்திகளும் இருக்கின்றன.

அடிபடுவது நடுத்தரச் செய்தி. நாட்டை உலுக்காத, ஆனால் நாட்டுக்குத் தேவையான செய்தி. தபால் அலுவலக விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹொரைசன் என்ற கணினி அமைப்பு தப்புக் கணக்குக் காட்டியதால் 1999 முதல் 2015 வரை தபால் கிளைகளை நடத்திய 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளிக் கடைக்காரர்களும் அதில் உண்டு. விசாரணைக் குழு முன்னால் 2022 பிப்ரவரியிலிருந்தே பாதிக்கப்பட்டவர்கள் உட்கார்ந்து சிறையையும் கடனையும் சொல்லி அழுதார்கள். நாடு கொதித்தது 2024 ஜனவரியில், வேறொரு சேனலில் அதைப் பற்றிய நாடகம் வந்த பிறகுதான். ஒரு சாட்சி மூன்று மணி நேரம் பேசுகிறார், அவசரப்படாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதற்குத்தான் 24 மணி நேர உள்நாட்டுச் சேனல் இருக்கிறது. சிங்கப்பூரிலும் லாகோஸிலும் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த ஆசிரியர் மூன்று மணி நேரத்தை அதற்குக் கொடுப்பார்?

ஆகவே தனி ஒளிபரப்பைப் பெரிய நாளுக்கென்று எடுத்துவைக்கக் கூடாது, சாதாரணச் செவ்வாய்க்கிழமை மத்தியானமும் பிரிட்டன்காரருக்குச் சில மணி நேரம் தனியாகத் தர வேண்டும் என்பது என் கட்சி. பிபிசிக்குப் புகார் எழுதும்போது ‘அமெரிக்கா அதிகம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, லெஸ்டரில் நடந்த எந்த விஷயம் வரவில்லை என்று குறித்து எழுதுங்கள்.

கேள்வி: ஆசியச் செய்தி மட்டும் போதும். எப்போது பார்க்கலாம்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: விடியற்காலையில் எழுந்திருப்பீர்களா? சிங்கப்பூரிலிருந்து வரும் நியூஸ்டே அந்த நேரத்தில்தான். நமக்கு இருட்டாக இருக்கும்போதே அங்கே வேலை நாள் ஆரம்பித்துவிடும்.