பை நிரம்பினால் மேலே வந்துவிடுங்கள், அக்கா

கேள்வி: மகன் கனடாவுக்குப் போகும்போது தன் நின்டெண்டோ சுவிட்ச் விளையாட்டுக் கருவியை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அதில் இருந்த ஸ்டீம்வேர்ல்ட் டிக் என்கிற சுரங்கம் தோண்டும் விளையாட்டைச் சும்மா திறந்து பார்த்தேன், இப்போது இரவு இரண்டு மணி வரை சுரங்கம் தோண்டுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. "இந்த வயதில் உனக்கு என்ன விளையாட்டு" என்று தங்கச்சி ஏசுகிறாள். ஆழத்துக்குப் போய்ச் செத்துச் செத்துக் காசும் போகிறது. விட்டுவிடவா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள அக்கா, விடவே வேண்டாம். நானும் அந்தக் குழிக்குள் கிடந்தவள்தான். 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், சார்ஜ் இருக்கும் வரை இதைத்தான் விளையாடினேன். வீட்டில் மெழுகுதிரி கரையும், திரையில் விளையாட்டின் நாயகன் ரஸ்டியின் விளக்கும் மங்கிக்கொண்டே வரும், இரண்டில் எது முதலில் அணையும் என்று பார்த்துக்கொண்டே தோண்டுவேன்.

முதலில் உங்கள் காசுப் பிரச்சினை. செத்தால் கையில் உள்ள பணத்தில் பாதி போய்விடும், பையில் இருந்த கற்கள் செத்த இடத்திலேயே கிடக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கவே கூடாது. கற்களை விற்ற உடனேயே பிக்காசைக் கூராக்குங்கள், பையைப் பெரிதாக்குங்கள், விளக்கை நல்லதாக்குங்கள், மிஞ்சினால் ஏணி வாங்குங்கள். செலவழித்த பணத்தை யாரும் பறிக்க முடியாது. பை நிரம்பிய பிறகும் "இன்னும் ஒரு கல், அந்த மூலையில் ஏதோ மினுங்குது" என்று இறங்குகிறோம் பாருங்கள், சாவு அநேகமாக அங்கேதான் வருகிறது. இன்னொன்று, கண்ட இடமெல்லாம் தோண்டாதீர்கள். தோண்டிய மண் திரும்பி வராது, ஏறி வருவதற்குப் படிபோல நாலு கட்டையை விட்டு வையுங்கள்.

இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். மரம் அடித்து, இடைவெளியில் இலைகுழை செருகி, ஊறுகிற தண்ணீரை இரவு பகலாக இறைத்து, இல்லம் என்கிற சரளைப் படை வந்த பிறகுதான் கூடையில் அள்ளி அரிப்பார்கள். அங்கே தண்ணீர் எதிரி. ரஸ்டி நீராவியில் ஓடுகிற ரோபோ என்பதால், போகப்போக அவன் சக்திகளுக்குத் தண்ணீர்தான் வேண்டும். கீழே குளம் கண்டால் நிரப்பாமல் தாண்டிப் போகாதீர்கள்.

சரி, தங்கச்சி விஷயம். இந்த விளையாட்டின் கதையில் மாமா விட்டுப்போன சுரங்கத்தைத் தேடி ரஸ்டி டம்பிள்டன் என்கிற பாழடைந்த ஊருக்கு வருகிறான், அவன் கல் விற்க விற்க ஊர் உயிர்பெறுகிறது, ஆழத்தில் யாரோ வாழ்ந்துவிட்டுப் போன இடங்கள் வருகின்றன. சுவீடனில் ஒரு சிறிய குழு 2013இல் செய்தது இது. இதை ரசிக்க ஒரு வயது வேண்டுமா? ஒரு நாள் அவளிடமே கொடுத்துப் பத்து நிமிடம் தோண்டச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு மணி வரை வேண்டாம், அதில் அவள் சொல்வது சரி. நிறுத்துவதற்குச் சரியான இடம் விளையாட்டிலேயே இருக்கிறது: மேலே வந்து, விற்று, வாங்கி முடித்த நேரம். பதினொரு மணிக்கு மேல் மேற்பரப்பைத் தொட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அப்புறம், மகனிடம் இதைச் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. கோடையில் இங்கே காலை ஆறரை என்றால் டொரொன்டோவில் இரவு ஒன்பது. "சாப்பிட்டியா, குளிரா" என்று கேட்டு முடிந்ததும், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லிப் பாருங்கள், அவன் எவ்வளவு நேரம் கதைக்கிறான் என்று பார்ப்போம்.

2017இல் வந்த இரண்டாவது பாகத்தில் டம்பிள்டன் டோரதி, ரஸ்டியைத் தேடிக் கிளம்புகிறாள். ஏன் தேட வேண்டியிருக்கிறது என்று இங்கே எழுத மாட்டேன். முதல் பாகத்தை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அக்கா.