எம்.எஸ்சி இயற்பியலைப் பல்கலைக்கழகத் துறையில் படிப்பதற்கும் கல்லூரியில் படிப்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

கேள்வி கேட்டவர் பி.எஸ்சி இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறார். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள கல்லூரியிலேயே எம்.எஸ்சி-யும் முடித்துவிடலாமா, ஹாஸ்டல் செலவு பார்க்காமல் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகலாமா என்பது அவருடைய குழப்பம். நான் தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் படித்தவன். என்னோடு பி.எஸ்சி படித்தவர்களில் நிறையப் பேர் கல்லூரியிலேயே தொடர்ந்தார்கள். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பாடத்திட்டத்தில் பெரிய வித்தியாசம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். எங்கே சேர்ந்தாலும் நான்கு செமஸ்டர்தான். செவ்வியல் இயக்கவியல், கணித இயற்பியல், குவாண்டம் இரண்டு தாள், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல், திடநிலை, அணுக்கரு, எலக்ட்ரானிக்ஸ், கடைசியில் ஒரு பிராஜெக்ட். புத்தகங்களும் அவையேதான். இயக்கவியலுக்குக் கோல்ட்ஸ்டைன், மின்காந்தவியலுக்கு கிரிஃபித்ஸ், தைரியம் இருந்தால் ஜாக்சன். குவாண்டத்துக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பி.எம். மேத்யூஸ், வெங்கடேசனுடன் சேர்ந்து எழுதிய புத்தகம் இன்றும் நம் மாணவர்கள் கையில் புழங்குகிறது. ஆகவே "சிலபஸ் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னதை நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

வித்தியாசம் வகுப்புக்கு வெளியே இருக்கிறது. பல்கலைக்கழகத் துறையில் அதே மாடியில் பிஎச்.டி ஸ்காலர்கள் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். எங்கள் துறையில் அவர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை அவர்களிடம் தாராளமாகக் கேட்கலாம். "அண்ணா, இந்த கிரீன் ஃபங்ஷன் எதுக்குன்னே புரியல" என்றால், கையில் கிடைத்த தாளை இழுத்துப்போட்டு ஒரு புள்ளி மின்னூட்டத்தை வரைந்து ஆரம்பிப்பார்கள். டீக்கடைக்குப் போய் வருவதற்குள் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். பொருளுக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தை எக்ஸ்ரேயால் காட்டும் டிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சிட்டிகை பொடியை வைத்து, கணினித் திரையில் முகடுகள் ஒவ்வொன்றாக எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு, எக்ஸ்ரே எந்தக் கோணத்தில் பலமாகத் திரும்பும் என்று சொல்லும் பிராக் விதியை யாரும் மறுபடி நடத்த வேண்டியதில்லை.

துறைக்குள்ளேயே ஆராய்ச்சி நடப்பது நம் ஊரில் புதிதாக வந்த வசதி ஒன்றும் இல்லை. புரதங்களின் அமைப்பை ஆராய்ந்த இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பதைக்கூடத் தாண்டவில்லை. பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கிடைத்தது. அதை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்து, கோபிநாத் கர்தாவுடன் சேர்ந்து 1954-ல் அதன் மூன்று இழை முறுக்கு அமைப்பை வெளியிட்டார். புரத ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றைக்கும் பயன்படுத்தும், புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-ல் அதே துறையிலிருந்து வந்தது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல ஆராய்ச்சிக்கு வெளிநாடு போயே ஆக வேண்டும் என்று பி.எஸ்சி முடிக்கும்போதே மனத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, நீங்களே கையால் செய்து பார்க்கக்கூடியது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். லட்சுமணன் வளர்த்தெடுத்த நேரியலற்ற இயக்கவியல் (காரணமும் விளைவும் நேர்விகிதத்தில் போகாத அமைப்புகளைப் பற்றிய படிப்பு) ஆராய்ச்சிக்கு உலக அளவில் பெயர் உண்டு. முரளி-லட்சுமணன்-சுவா சுற்று என்று 1994-ல் வெளியானது அந்த வழியில் வந்ததுதான். ஒரு ரெசிஸ்டர், ஒரு இண்டக்டர், ஒரு கெப்பாசிட்டர், ஆப்-ஆம்ப் வைத்துக் கட்டும் சுவா டையோடு (மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் தராத உறுப்பு), ஒரு சிக்னல் ஜெனரேட்டர், அவ்வளவுதான் சாமான். பிரெட்போர்டில் கட்டி, ஆசிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய்க்கு மாற்றி, ஜெனரேட்டரின் வீச்சை மெதுவாகக் கூட்ட வேண்டும். முதலில் திரையில் ஒற்றை வளையம் தெரியும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் அது இரட்டை வளையமாகும், அப்புறம் நான்கு. அதற்கு மேல் குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் போதும், வந்த தடத்துக்குத் திரும்பாத கோடுகளாகத் திரை நிறைந்துவிடும். கேயாஸ் (விதிக்குக் கட்டுப்பட்டும் கணிக்க முடியாமல் போகும் ஓட்டம்) என்று புத்தகத்தில் படித்தது அங்கே மேசை மேல் ஓடிக்கொண்டிருக்கும். சில நூறு ரூபாய்ப் பாகங்களில் எம்.எஸ்சி மாணவர் செய்யக்கூடிய பிராஜெக்ட் இது. கல்லூரியிலும் செய்யலாம்தான். ஆனால் சுற்று வேலை செய்யாமல் அடம்பிடிக்கும்போது "இண்டக்டரை மாத்திப் பாரு" என்று சொல்ல, ஏற்கெனவே அதில் கையைச் சுட்டுக்கொண்ட ஒருத்தர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

லேப் விஷயத்துக்கு வருகிறேன். எங்கே படித்தாலும், கண்ணாடி வளைவதை ஒளி வரிகளை வைத்து அளக்கும் கார்னு முறையிலிருந்து தப்ப முடியாது. இரண்டு கத்தி முனைகள் மேல் ஒரு கண்ணாடிப் பட்டை, இரண்டு ஓரத்திலும் எடை, நடுவில் ஒரு சமதளக் கண்ணாடி. சோடியம் விளக்கைப் போட்டவுடன் மஞ்சள் வந்துவிடாது. இளஞ்சிவப்பாக எரிந்து, சில நிமிடம் ஆனபின்தான் மஞ்சளுக்கு வரும். பட்டை வளைந்திருப்பது வெறும் கண்ணுக்குத் துளியும் தெரியாது. டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் வரிகள் அதிபரவளையமாக விரிந்து நிற்கும். எடையைக் கூட்டினால் நெருங்கும். சமதளக் கண்ணாடிக்குப் பதிலாகக் குவிவில்லையை வைத்தால் அவையே நீள்வட்டமாகிவிடும். வரிகளின் இடைவெளியை அளந்தே அந்தக் கண்ணாடியின் யங் குணகத்தையும் பாய்சான் விகிதத்தையும் எடுத்துவிடலாம். இவ்வளவு அழகான சோதனையை, போன வருட ரெக்கார்டைப் பார்த்து, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதி ஒப்பேற்றுகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. பல்கலைக்கழகமும் விதிவிலக்கல்ல.

சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது சி.வி. ராமன் கையில் இருந்ததும் சாதாரணக் கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டர்தான். பட்டகத்தின் கோணத்தை அளக்கும்போது வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்த விளிம்பு விளைவுப் பட்டைகளை (ஒளி விளிம்பில் வளைவதால் வரும் பட்டைகளை) அவர் விடாமல் துருவினார். 1906-ல், 18 வயதில், லண்டன் பத்திரிகை ஒன்றில் அவருடைய முதல் கட்டுரையாக அது வெளிவந்தது. ஆகவே கருவி பழையது என்ற காரணத்துக்காக ஒரு கல்லூரியை ஒதுக்க வேண்டாம். லேபை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். நாங்கள் அனுமதி வாங்கிக்கொண்டு இரவு எட்டு மணிக்கும் மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டரைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறோம். கல்லூரியில் படித்த நண்பர்களுக்கு நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

இனி, இரண்டு இடத்துக்கும் பொதுவான சங்கடம் ஒன்று. செமஸ்டர் தேர்வு கேட்பது வேறு, வெளியே போட்டித் தேர்வு கேட்பது வேறு. "பெட்டிக்குள் அடைபட்ட துகளின் ஆற்றல் மட்டங்களை வருவி" என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். நெட்டுருப் போட்டுக்கூட எழுதிவிடலாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் பாணி வேறு. துகள் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் இருக்கிறது, பெட்டியின் ஒரு சுவரைத் திடீரென்று தள்ளிவைத்து அகலத்தை இரண்டு மடங்காக்குகிறோம், இப்போது அளந்தால் புதிய பெட்டியின் மிகக் குறைந்த நிலையில் துகள் இருக்க நிகழ்தகவு என்ன என்பார்கள். வருவித்ததை மனப்பாடம் செய்தவர் இங்கே விழிப்பார். பழைய அலைச்சார்பைப் புதிய பெட்டியின் அலைச்சார்புகளாகப் பிரித்து எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டால், ஒரே ஒரு தொகையீடுதான் வேலை. விடை சுமார் 0.36. வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது நிலைக்கான நிகழ்தகவு சரியாக 0.5. புதிய பெட்டியின் இரண்டாவது நிலைக்கும் பழைய பெட்டியின் முதல் நிலைக்கும் ஆற்றல் ஒன்றே. இதை ஒரு தடவை தானாகப் போட்டுப் பார்த்தவருக்குக் குவாண்டம் பாதி வசப்பட்ட மாதிரி. சி.எஸ்.ஐ.ஆர் நெட்டில் மொத்தம் 200 மதிப்பெண், அதில் 100 இப்படிப்பட்ட ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு. தப்பாகக் குறித்தால் கால் பங்கு கழியும்.

இந்தப் பழக்கம் வகுப்பில் வராது, நான்கைந்து பேர் சேர்ந்து மாலையில் கணக்குப் போட உட்கார்ந்தால்தான் வரும். ஹாஸ்டல் வாழ்க்கை அதற்குத் தோதாக இருக்கிறது. என்னைக் கேட்டால் வளாகத்தில் தங்கிப் படிப்பதன் முழு லாபமும் அதில்தான். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தைப் பார்த்து மிரள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மிரட்சி சீக்கிரம் தெளிந்துவிடும். கணித இயற்பியல்தான் மொழி பார்க்காமல் எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைக்கும். சேருவதற்கு முன்னால் கிடைக்கும் கோடை விடுமுறையில் வெக்டர் கால்குலஸ், மேட்ரிக்ஸ், வகைக்கெழுச் சமன்பாடு மூன்றையும் தூசு தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை பற்றிச் சுருக்கமாக. பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் பி.எட்-டும் முடித்து டி.ஆர்.பி (ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு) எழுத வேண்டும். இந்த வழிக்குப் பக்கத்துக் கல்லூரியே போதும், வீண் செலவு வேண்டாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட். ஜே.ஆர்.எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி செய்யலாம். அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி எம்.எஸ்சி இயற்பியல் முடித்தவர்களை எடுக்கிறது. பலருக்குத் தெரியாத ஒன்று, புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு அளவைத் திட்டமிடும் மருத்துவ இயற்பியலாளர் வேலை. எம்.எஸ்சி-க்குப் பிறகு கதிரியக்க இயற்பியலில் ஒரு டிப்ளமோ படித்து அதற்குப் போகலாம். ஐ.டி கம்பெனிக்குத்தான் போகப் போகிறேன் என்றால், இரண்டு வருடத்தை இதில் போடுவானேன் என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஆராய்ச்சி ஆசை கொஞ்சமாவது இருந்தால் பல்கலைக்கழகத்துக்கே போங்கள் என்பேன். மாநிலப் பல்கலைக்கழகம் மட்டும்தான் என்றில்லை. ஐ.ஐ.டி-களில் எம்.எஸ்சி சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது, ஐ.ஐ.எஸ்சி-யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி-க்கும் அந்த மதிப்பெண் உதவும். திருவாரூர், புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி நுழைவுத் தேர்வு. ஜாம் நடப்பது பிப்ரவரியில், ஆனால் விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஐந்தாவது செமஸ்டரில் இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

எந்தத் துறையாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை நாளில் நேரில் போய்விட்டு வாருங்கள். தூங்கி வழியும் பல்கலைக்கழகத் துறைகளும் இருக்கின்றன, பிஎச்.டி வரை வைத்துச் சுறுசுறுப்பாக நடக்கும் பழைய தன்னாட்சிக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்குள்ள இரண்டாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, போன வருடம் என்னென்ன பிராஜெக்ட் செய்தார்கள், அதில் எத்தனை இங்கேயே செய்தது, எத்தனை வெளியில் காசு கொடுத்து வாங்கியது என்று கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்கள்.